இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே வலென்சியா

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு வாடகையில் தொடங்கி, வெளிவட்டச் சாலை நெரிசலில் புகுந்து, எங்கேயாவது ஒரு கடலோர ஊரில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தால் என்ன என்ற கேள்வியில் வந்து நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று ஸ்பெயின் 2022 டிசம்பரில் சட்டம் இயற்றித் தனி விசா ஒன்றை உண்டாக்கிய பிறகு, அந்தக் கேள்வி வெறும் ஆசையாக நிற்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் வேலையை ஸ்பெயினின் கடலோர நகரமான வலென்சியாவில் இருந்தபடி செய்துவிட்டு அல்சூருக்குத் திரும்பியிருக்கும் என்னிடம், பெரும்பாலானோர் கடலைப் பற்றியும் செலவைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நாள் எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். மார்ச், அக்டோபர் ஆகிய இரு மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றி வைக்கிறார்கள். பெங்களூரில் காலை ஒன்பதரைக்கு நடக்கும் ஸ்டாண்டப் என்ற அன்றாடக் குழுக் கூட்டம், வலென்சியாவில் கோடையில் ஆறு மணிக்கும் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கும் நடக்கும். மாலை ஆறரைக்கு பெங்களூர்க் குழு மடிக்கணினியை மூடும்போது அங்கே மதியம் மூன்று மணி அல்லது இரண்டு மணி. விடியலுக்கு முன்பே எழும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது.

வலென்சியா கிரீன்விச் தீர்க்கரேகைக்கு மிக அருகில், அதற்குச் சற்று மேற்கே இருக்கும் ஊர். சூரியனைப் பார்த்து நேரம் வைத்தால் லண்டனோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஸ்பெயின் 1940-இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியது. மாற்றி வைத்த கடிகாரம் பிறகு திரும்பவே இல்லை. அதனால் ஜூன் மாதத்தில் உச்சிப்பொழுது பிற்பகல் இரண்டு மணியளவில் வருகிறது, சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. ஊரார் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதும் இரண்டு மணிக்கு மேல்தான். பெங்களூர் நேரத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் முழு நாள் வேலையையும் முடித்துவிட்டு, ஊரோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்து, அதன் பிறகும் ஆறு மணி நேர வெயிலைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடிகிறது. மத்தியதரைக் கடலோர வாழ்க்கை என்று எல்லோரும் கனவு காண்பதில் எனக்கு உண்மையாகவே வாய்த்தது இதுதான்: வேலை முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் பகல்.

என் மேலாளர் ஒப்புக்கொண்டதற்கும் நேரமே காரணம். அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளர்களோடு பெங்களூர்க் குழு இரவு எட்டரைக்குப் பேசும் கூட்டம் வலென்சியாவில் கோடையில் மாலை ஐந்து மணிக்கு விழுந்தது. இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தவர்களுக்குப் பதிலாக நான் அதை ஏற்றுக்கொண்டேன். இந்த வாதத்தை வைத்து அனுமதி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு முனையும் மாலை ஆறு மணிக்கு மறு முனையும் இழுத்தால், ஊரில் வெயில் இருந்தும் அது நம் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு மாலைகளுக்கு மேல் கூட்டம் இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. போன பிறகு வாங்குவது கடினம்.

பகல் கையில் இருந்தாலும் கடைகள் நம் வசதிக்குத் திறந்திருப்பதில்லை. 1928-இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தை, இரும்பும் கண்ணாடியும் ஓடும் சேர்த்துக் கட்டிய பெரிய மண்டபம், பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. குளிர்காலத்தில் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஓடினால், கீரைக் கட்டுகளையும் தக்காளியையும் கட்டி வைப்பதற்குள் வாங்கிவிடலாம். கோடையில் சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. தெருக்கடைகளில் பல இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கதவை இறக்கியிருக்கும். பெங்களூரில் பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வீட்டு வாசலுக்கு வந்து பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். எனக்கு இது பிடித்திருந்தது. கடைக்காரருக்கும் ஒரு மதியம் உண்டு என்பதை ஊரே மதிக்கிறது.

நான் குடியிருந்தது பெனிமாக்லெட் என்ற பகுதியில். ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்து நகரத்துக்குள் வந்து சேர்ந்த இடம். தேவாலயத்தைச் சுற்றிய தாழ்ந்த வீடுகளும் குறுகிய தெருக்களும் இன்னும் கிராமத்தின் அளவிலேயே இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே சிறிது நடந்தால் கட்டடங்கள் முடிந்து, வாய்க்கால் பாயும் வயல்கள் தொடங்கிவிடும். அந்த வயல்களில், முக்கியமாக அல்போராயாவைச் சுற்றி, சூஃபா என்ற கிழங்கைப் பயிரிடுகிறார்கள். நம் ஊர்க் கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவு. அதை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் ஒர்சாத்தா. பால் ஒரு துளி இல்லை. முதல் தடவை குடித்தபோது தேங்காய்ப்பால் என்றே நினைக்கத் தோன்றியது, அடியில் மட்டும் மெல்லிய நறநறப்பு. நீளமான இனிப்பு ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டபடி முதியவர்கள் மாலை முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்கு இருந்த கவலை நியாயமானது, ஆனால் தேவைப்படவில்லை. அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் விளையும் மாவட்டம் அது. போம்பா என்ற அரிசி வெந்தாலும் உடையாது, அதனால் பாயெல்லா என்ற அந்த ஊர்ச் சோற்று உணவுக்கு அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். செனியா என்ற இன்னொன்று குழைந்துவிடும், தயிர்சாதத்துக்கு அதற்கு நிகர் இல்லை. உளுந்தும் வெந்தயமும் ருசாஃபா பகுதியில் உள்ள தெற்காசியக் கடைகளில் கிடைத்தன. கறிவேப்பிலைதான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும் நாளில் வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஊர் என்று சொல்லிப் போகிறவர்கள் குளிர்காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஜனவரியில் சராசரி வெப்பநிலை பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பழைய வீடுகளில் பல கோடை வெப்பத்தை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டவை. ஓடு பதித்த தரை, குளிர்த்தடுப்பில்லாத சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மைய வெப்ப வசதி கிடையாது. கடற்காற்றின் ஈரம் வேறு. வெளியே வெயிலில் நிற்பதைவிட வீட்டுக்குள் இருப்பது குளிராக இருக்கும். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் எட்டேகாலுக்கு மேல்தான் எழும்; காலை ஐந்து மணிக்குக் கம்பளிக் காலுறையோடு மேசைக்கு முன் உட்கார்ந்து, பெங்களூரில் மின்விசிறி ஓடுவதைத் திரையில் பார்த்தபடி, மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டில் வேலை செய்ய வேண்டும். இட்லி மாவு அந்தச் சமையலறையில் இரண்டு நாளானாலும் பொங்காது. பாத்திரத்தை ஓவன் என்ற அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் இரவு முழுவதும் எரியவிட்டால், காலையில் விளிம்பில் நுரை தட்டியிருக்கும். பிறகு பத்து மணிக்குமேல் பால்கனியில் வெயில் விழும். அந்த நேரத்தில்தான் வலென்சியா முழுவதும் அல்முவெர்சோ என்ற முற்பகல் உணவுக்காகக் கையில் இருப்பதைக் கீழே வைக்கிறது: கொத்தனார், தபால்காரர், பேராசிரியர் எல்லோரும் ஒரு நீள ரொட்டி, ஆலிவ், வேர்க்கடலை, காபி என்று அரைமணி நேரம் உட்காருவார்கள். என் குழுவுக்கு அது மதியச் சாப்பாடு முடிந்து திரும்பும் நேரமாக இருந்ததால் எனக்கும் அந்த அரைமணி கிடைத்தது.

மார்ச் முதல் தேதியிலிருந்து பத்தொன்பதாம் தேதிவரை இன்னொரு கடிகாரம் சேர்ந்துகொள்ளும். ஃபாயாஸ் திருவிழாவை ஒட்டி, நகராட்சிச் சதுக்கத்தில் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மஸ்கிலெத்தா என்ற வெடிவரிசையை வைக்கிறார்கள். வெளிச்சத்துக்காக இல்லை, சத்தத்தின் தாளத்துக்காகவே வைக்கும் வெடி. மார்ச்சில் அங்கே இரண்டு மணி என்றால் பெங்களூரில் சரியாக ஆறரை. என் கடைசிக் கூட்டம் தொலைவில் உருளும் அந்த ஓசையோடு முடியும். தெருவில் சிறுவர்கள் போடும் வெடிக்கோ நேரமே கிடையாது. கூட்டத்தில் இருந்த சேலத்துக்காரத் தம்பி ஒருவர் "அக்கா, அங்கே தீபாவளியா?" என்று கேட்டார். பத்தொன்பதாம் தேதி இரவு, ஓராண்டு உழைத்துச் செய்த மாடி உயரப் பொம்மைகளைத் தெருத்தெருவாக எரிக்கிறார்கள். தன் தெருப் பொம்மை எரிவதைப் பார்த்துப் பெண்கள் அழுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தாள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் இரு மடங்கு வருமானத்தைக் காட்ட வேண்டும். 2025-இல் அந்தக் குறைந்தபட்சம் 1,184 யூரோ வீதம் ஆண்டுக்கு 14 தவணை, ஆகவே மாதத்துக்கு ஏறக்குறைய 2,760 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் இரண்டே முக்கால் லட்சம். குடும்பம் வந்தால் தொகை கூடும். பட்டம் அல்லது மூன்றாண்டு அனுபவம், குறைந்தது மூன்று மாதமாக அந்த நிறுவனத்தோடு வேலைத் தொடர்பு, பாஸ்போர்ட் சேவா வழியாகக் காவல்துறைச் சான்று, ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை, அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு ஆகியவை வேண்டும். தூதரகம் வழியாகப் போனால் ஓராண்டு வரையிலான விசா. அங்கே போய் வதிவிட அனுமதி எடுத்தால் மூன்றாண்டுவரை.

இவற்றைவிடச் சிக்கலானது சமூகப் பாதுகாப்பு. நம் பி.எஃப். கணக்கை வைத்து அங்கே விலக்குப் பெற வேண்டுமானால் இரு நாடுகளுக்கும் அதற்கான ஒப்பந்தம் வேண்டும். பிரான்சோடும் போர்ச்சுகலோடும் இந்தியாவுக்கு அது இருக்கிறது, நான் விண்ணப்பித்த காலத்தில் ஸ்பெயினோடு இல்லை. அதனால் நிரந்தரப் பணியிலிருந்து ஒப்பந்த முறைக்கு மாறி, சில மாதங்கள் கழித்து, சுயதொழில் செய்பவராகவே போனேன். ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் அங்கே வரி செலுத்துபவராகிவிடுவோம். சம்பளக்காரர்களுக்கு 24 விழுக்காடு என்ற நிலையான வரிச் சலுகை ஒன்று இருக்கிறது. சுயதொழில்காரர்களுக்கு அதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது என்றாலும், இரு நாட்டு விதிகளும் தெரிந்த கணக்காளருக்குக் கொடுக்கும் பணத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. சுற்றுலா விசாவில் தொண்ணூறு நாட்கள் போய் மடிக்கணினியைத் திறந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த விசா வேலைக்கானது இல்லை.

வாடகை விஷயத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை யோசிக்காமல் அங்கே போகக் கூடாது என்று நினைக்கிறேன். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய பெங்களூரிலிருந்து போகிறவருக்கு, சட்டப்படி ஒரு மாத வாடகைதான் முன்பணம், கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது ஆச்சரியமாக இருக்கும். வழக்கமான குடியிருப்பு ஒப்பந்தத்தில் வாடகைக்காரர் ஐந்தாண்டுவரை இருக்கலாம் என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் தற்காலிக ஒப்பந்தம் என்ற வகைக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. வெளிநாட்டுச் சம்பளத்தோடு வருபவர்களுக்கு வீட்டுக்காரர்கள் விரும்பிக் கொடுப்பது அதைத்தான், வாடகையும் அதில் அதிகம். ஒவ்வொரு வீடாக அப்படிப் போகும்போது அந்தத் தெருவில் பிறந்தவர் வெளியேறுகிறார். 2024 அக்டோபரில் வலென்சியாவிலும், 2025 ஏப்ரலில் நாட்டின் பல நகரங்களில் ஒரே நாளிலும், வீட்டு வாடகைக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். பெங்களூரில் நம் வருகையால் வாடகை ஏறியது என்று கன்னடர் ஒருவர் சொல்லும்போது அதில் உள்ள உண்மையை நாம் உணர்கிறோம். அதே உணர்வோடுதான் அங்கேயும் போக வேண்டும். நான் தேடி எடுத்தது வழக்கமான ஒப்பந்தம் உள்ள வீடு. கிடைக்கத் தாமதமானது. நகராட்சியில் குடியிருப்பவராகப் பெயரைப் பதிந்துகொண்டு, மருந்துக்கடைக்காரருக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் பெயர் தெரிந்தவராக இருந்தது அதன் பிறகுதான்.

வெயில் மிகுந்த அந்தக் கரைக்கு இலையுதிர் காலத்தில் வேறு முகம் உண்டு. கோடை முழுவதும் சூடேறிய கடலின் ஈரக்காற்றும், மேல்வானில் துண்டாகப் பிரிந்து வந்து நிற்கும் குளிர்காற்றும் சந்தித்தால், ஆண்டு மழையில் பெரும்பங்கு சில மணி நேரத்தில் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று அதுதான் நடந்தது. நகரத்துக்குள் பெரிதாக மழையே இல்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. இரவு எட்டு மணி தாண்டியபின், அத்தனை கைபேசிகளும் அரசின் எச்சரிக்கையோடு ஒரே நேரத்தில் அலறின. அதற்குள் தெற்கே பைபோர்த்தா போன்ற ஊர்களில் ஓடையின் வெள்ளம் தெருக்களுக்குள் புகுந்துவிட்டிருந்தது. அந்த மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாட்கள் நகரத்திலிருந்து மண்வாரியும் துடைப்பமும் தோளில் வைத்துக்கொண்டு, நடைபாலத்தைக் கடந்து, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சேறு அள்ளப் போனார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். 2022 செப்டம்பரில் பெங்களூர் வெள்ளத்தின்போது பெல்லந்தூர்ப் பக்கம் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனவர்கள் இருந்த என் குழுவில், எதற்கு விடுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

நகரம் தப்பியதற்குக் காரணம் ஒரு பழைய வெள்ளம். 1957 அக்டோபரில் துரியா ஆறு ஊருக்குள் புகுந்து குறைந்தது 81 பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஆற்றையே தெற்கே புதிய கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். வறண்டுபோன பழைய ஆற்றுப்படுகையில் விரைவுச்சாலை போடும் திட்டம் இருந்தது; படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும் என்று மக்கள் போராடி அதைத் தோட்டமாக்கினார்கள். இன்று ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, பழைய கற்பாலங்களுக்கு அடியில், ஆரஞ்சு மரங்களும் பைன் மரங்களும் ஓடும் பாதைகளுமாக அது நகரத்தைக் குறுக்கே கடக்கிறது. என் மாலைகளில் பெரும்பாலானவை அங்கேதான் கழிந்தன. தர்மாம்புதி ஏரியைப் பேருந்து நிலையமாகவும் சம்பங்கி ஏரியை விளையாட்டரங்கமாகவும் ஆக்கிக்கொண்ட ஊரிலிருந்து போனவளுக்கு, அந்தப் பாதையில் நடக்கும்போது பொறாமை வராமல் இருக்காது. அதே நேரம், திருப்பிவிட்ட ஆற்றுக்குத் தெற்கே இருப்பவர்கள் 2024-இல் கொடுத்த விலையையும் மறக்க முடியாது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட முடியவில்லை. வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், கறுப்பு மேலங்கி அணிந்த விவசாயிகள் வட்டமாக உட்காருகிறார்கள். வலென்சியா வயல்களுக்கு நீர் கொடுக்கும் எட்டு வாய்க்கால்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, புகார் உண்டா என்று கேட்கிறார்கள். இருந்தால் அங்கேயே வாய்மொழியாக விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுகிறார்கள். அரபு ஆட்சிக் காலத்து நீர்ப்பங்கீட்டிலிருந்து வளர்ந்த இந்த மன்றத்தை யுனெஸ்கோ 2009-இல் மரபுச் செல்வமாக ஏற்றது. வியாழன் அந்த நேரத்துக்குக் கூட்டம் வைக்காமல் பார்த்துக்கொண்டு நான் பலமுறை போய் நின்றிருக்கிறேன். காவிரித் தீர்ப்பு வரும் நாட்களில் கடை ஷட்டரை இறக்கிக் காத்திருந்த, 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தை இன்னும் மறக்காத ஒரு பெங்களூர்த் தெருவில் வளர்ந்தவளுக்கு, தண்ணீர் வழக்கு ஒன்று திறந்த வெளியில், ஆயுதக் காவலர் யாருமின்றி, அண்டை வயல்காரர்களின் சொல்லால் முடிவதைக் காண்பது சாதாரண வேடிக்கை இல்லை.

சேலத்துத் தம்பி இப்போது கிளம்பும் யோசனையில் இருக்கிறார். போன வாரம் அல்சூர் ஏரிக்கரையில் சந்தித்தபோது, எந்த மாதத்தில் போகலாம் என்று கேட்டார். நவம்பரில் போகச் சொன்னேன். சுற்றுலாக் கூட்டம் வடிந்திருக்கும், வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், வீட்டின் சுவர் எவ்வளவு குளிர்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம், காலை ஐந்து மணி ஸ்டாண்டப் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதும் பிப்ரவரிக்குள் தெரிந்துவிடும். ஜூலை வெயிலைப் பார்த்து எடுத்த வீட்டில் ஜனவரியைக் கழிப்பதைவிட, ஜனவரியில் தேர்ந்தெடுத்த வீட்டில் ஜூலையைக் கழிப்பது எளிது. அடுப்புப் பெட்டிக்குள் விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வீடு எடுக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.